பாக்கி

பயணப்பை மூன்று நாள் அடித்தளத்திலேயே கிடந்தது,
துவைக்கும் எந்திரத்தின் பக்கத்தில்,
விமான நிலையத்துச் சீட்டு கைப்பிடியில் தொங்க.
நான்காம் நாள் எல்லாவற்றையும் உள்ளே திணித்தேன்.
சுழற்சிக்குள் ஏதோ தட்டியது:
டிக், கொஞ்சம் பொறுத்து, டிக்.
பொத்தானாக இருக்கும் என்றான் ஆர்விட்
செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.

பொத்தான் இல்லை.
ரப்பர் வளையத்தின் மடிப்பில்
வெள்ளை வெளேரென்று
ஒரு பால்பல்.

சலிமாவுக்கு அப்பால், மாமரத்தடியில்
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வாளி.
எட்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பற்கள்.
எண்ணியவர் லோவெல் பாஸ்டர்,
அறிக்கைக்கு வேண்டுமென்று.
நானூற்றுப் பதினொன்றை அங்கேயே புதைத்தோம் போலும்.

தியாமிக்கே. ஏழு வயது. அழவில்லை.
பஞ்சைக் கடித்தபடி கை நீட்டினாள்.
'பல்லைக் கேட்கிறாள்' என்றான் ம்பாட்சோ.
'கூரையில் எறிய வேண்டுமாம்.
எலி எடுத்துக்கொண்டு புதுசு கொடுக்குமாம்.'
கிருமி இருக்கும், கழுவித் தருகிறேன்,
அப்புறம், என்றேன்.
ஏப்ரன் பையில் போட்டேன்.
அவளுக்குப் பின்னால் அறுபது பேர்,
தாடையைப் பிடித்துக்கொண்டு.

அந்த 'அப்புற'த்தை அவன்
அவர்கள் மொழியில் என்னவென்று சொன்னானோ.
சாயங்காலம் வரை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.
நம்மைப் பிடித்துப்போய்விட்டது பார், என்றேன்.
படம் எடுத்தேன்.

டுலூத்தில் இப்போது ஏரி கரையோரம் இறுகிக் கிடக்கிறது.
எப்படி இருந்தது, என்கிறார்கள்
பெட்ரோல் போடும் இடத்தில், தபால் நிலையத்தில்,
பதிலுக்கு இடம் விடாமல் கையுறையை மாட்டியபடி.
நன்றாக இருந்தது, என்கிறேன்.
மார்லிஸ் சூடான பாத்திரத்தோடு வந்தாள்,
'அவர்களிடம் ஒன்றுமே இல்லை,
இருந்தும் எவ்வளவு சந்தோஷம், இல்லையா?'
மாம்பழம் ருசியாக இருந்தது, என்றேன்.
அவள் முகம் கொஞ்சம் வாடிற்று.

ஞாயிறு எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்,
அறிவிப்புக்கும் காணிக்கைக்கும் நடுவில்.
திரையில் அந்தப் படம், சுவர் அளவுக்கு.
மாமரம், சிவப்புப் புழுதி, தியாமிக்கே.
கைபேசியில் பார்த்தபோது கவனிக்கவில்லை.
அவள் வலது கை மடியில் விரிந்திருக்கிறது.
நீட்டிய கையை
மடக்க மறந்துவிட்டாளா,
மடக்கவில்லையா.

எழுதி வைத்த தாளை வாசிக்க முடியவில்லை.
'இவள் காத்திருக்கிறாள்' என்றேன்.
'இவளுடையது ஒன்று என்னிடம் இருக்கிறது.'
யாரோ இருமினார்கள்.
ஆமென், என்றார் லோவெல் பாஸ்டர் கனிவோடு,
இதயம் என்று நினைத்துக்கொண்டு.
காணிக்கைத் தட்டு புறப்பட்டது.

அன்றிரவு ம்பாட்சோவுக்கு எழுதினேன்.
பல் உடையாமல் வந்து சேருமா,
எந்த விலாசத்துக்கு அனுப்புவது,
மன்னிக்கச் சொல், இன்னும் என்னவெல்லாமோ.
நீளமான கடிதம். அதில் பாதி என்னைப் பற்றி.

பதினோரு நாள் கழித்துப் பதில்:
'மின்சாரம் இல்லை, தாமதம்.
புதுப் பல்லின் நுனி தெரிகிறது.
நீங்கள் கிளம்பிய அன்றே
ஒரு மக்காச்சோள மணியை எறிந்துவிட்டாள்.
எலிக்கு வித்தியாசம் தெரியவில்லையாம்.
பல்லை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.
ஒன்று மட்டும் கேட்கச் சொன்னாள்,
உங்கள் கூரையில் எலி உண்டா?'

வெளியே ஏணி வைத்து
ஆர்விட் கூரைப் பனியை இழுத்துத் தள்ளுகிறான்.
பொத்பொத்தென்று விழுகிறது.
பல் என் கோட்டுப் பையில்,
சாவிகளோடு.

உண்டு, தியாமிக்கே. பரணில் ஒரு குடும்பமே இருக்கிறது.
அக்டோபரிலேயே பொறி வைத்துவிட்டோம்,
நான்கு.
இதை எப்படி எழுதுவதென்று
தெரியாமல் நிற்கிறேன்.